கண் திறந்த படம்

1

இன்று கல்லறைத் திருநாள். தூத்துக்குடியில் இந்நேரம் கல்லறைகளுக்குச் சுண்ணாம்பு அடித்து, செவ்வந்தி மாலை போட்டு, கடல்காற்றுக்கு உள்ளங்கையை மறைப்பாக வைத்து மெழுகுவத்தி ஏற்றிக்கொண்டிருப்பார்கள். இங்கே, நார்வேயின் ஸ்டவாங்கரில், காலையிலிருந்து மழை. சால்மன் மீன் பதனிடும் ஆலையின் பரிசோதனைக் கூடத்தில் வேலை முடிந்து, ஈரக் குடையைக் குளியலறையில் விரித்துவைத்துவிட்டு எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

என் கைப்பையில் தலைவலி மாத்திரை அட்டைகள் நான்கு இருக்கின்றன. எங்கள் வீட்டு மருந்து அலமாரியிலிருந்து நானே எடுத்தவை. பதினெட்டு நாட்களாக அவை என்னோடுதான் ஆலைக்கு வருகின்றன, கடைக்கு வருகின்றன, கோயிலுக்கு வருகின்றன. எனக்குத் தலைவலி இல்லை. மகள் தனியாக இருக்கும் வீட்டில் அவை இருக்கக் கூடாது என்று பட்டது. அவ்வளவுதான்.

2

மகளின் பள்ளியிலிருந்து வந்த செய்தி மூன்று வரி. ஷெரினின் ஓவியம் பற்றிப் பேச வேண்டும். வியாழக்கிழமை பத்து மணி. மொழிபெயர்ப்பாளர் தேவையா என்று குறிப்பிடவும். செய்தியின் தலைப்பில் ஒரு சொல் இருந்தது. நம் மொழியில் அதைக் 'கவலை' என்று சொல்லலாம். நம்மூரில் கவலை மனத்தில் இருக்கும். இங்கே அதற்குக் கோப்பு உண்டு, படிவம் உண்டு, பதில் அனுப்பக் கடைசித் தேதி உண்டு.

இந்த ஊர் இந்தியக் குடும்பங்கள் பிறந்தநாள் விருந்துகளில் குரலைத் தாழ்த்திப் பேசுகிற விஷயம் ஒன்றுதான். யாரோ ஒரு வீட்டுப் பிள்ளையிடம் பள்ளியில் ஏதோ கேட்டார்களாம், பிறகு ஒரு நாள் குழந்தை நல அலுவலகத்திலிருந்து வந்து பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போய்விட்டார்களாம். அந்த 'யாரோ'வை நேரில் பார்த்தவர் எவரையும் நான் சந்தித்ததில்லை. ஆனாலும் அந்தக் கதை காதில் விழும்போதெல்லாம் கையிலிருக்கும் கேக் தட்டைக் கீழே வைத்துவிடுவேன்.

என் கணவர் சேவியர் எண்ணெய்க் கிணறுகளுக்குச் சாமான் கொண்டுபோகும் கப்பலில் இன்ஜினியர். மாதத்தில் பாதி நாள் கடலில். அன்றும் கடலில்தான் இருந்தார். போனில் இரைச்சலுக்கு நடுவே சத்தம் போட்டார்.

"ஏளா, பயத்துல எதையாவது ஒளறி வச்சிராத. கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லு."

"அவ என்னத்த வரைஞ்சிருக்கான்னே எனக்குத் தெரியாது."

"ஒன்னத்தான் வரைஞ்சிருப்பா. திங்கக்கெழம காலைல நீ வச்சிருக்க மூஞ்சியப் பாத்தா எந்த ஸ்கூலுக்கும் கவலை வரத்தான் செய்யும்."

சிரிக்கப் பார்த்தேன், வரவில்லை. அவரும் உடனே, "அவ நல்லாத்தான இருக்கா?" என்று கேட்டார். அந்தக் கேள்வி எனக்கும் இருந்தது.

ஷெரினுக்குப் பதினேழு வயது. மேல்நிலைப் பள்ளியில் ஓவியப் பிரிவு. இரண்டு வருடமாக அவள் அறைக்கதவு சாத்தியே இருக்கிறது. நான் தமிழில் கேட்பேன், அவள் நார்வேஜிய மொழியில் பதில் சொல்வாள், பதில் மூன்று சொல்லுக்கு மேல் போகாது. அன்று மாலை, "என்ன வரைஞ்ச?" என்றேன். "படம்." "யாரை?" காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு அறைக்குள் போய்விட்டாள்.

வியாழக்கிழமை வரை என்னால் காத்திருக்க முடியவில்லை. மறுநாள் வேலை முடிந்ததும் நேரே பள்ளிக்குப் போனேன்.

3

ஓவிய ஆசிரியை ஹில்டே என்னைக் கண்டதும், ஒன்றும் கேட்காமல் வகுப்பறையைத் திறந்துவிட்டார். பாடத்தின் தலைப்பு 'தன்னுருவம்'. ஒவ்வொரு பிள்ளையும் தன் முகத்தைத் தானே வரைய வேண்டும். சுவர் நெடுக முகங்கள். பல்லில் கம்பி போட்ட ஒரு பையன். முகத்தில் பாதியைப் பூனைக்குக் கொடுத்துவிட்ட ஒரு பெண். கடைசியில், ஜன்னலோரம், என் மகள் பெயர் எழுதிய அட்டை. அதிலும் 'தன்னுருவம்' என்றுதான் இருந்தது.

மேலே இருந்தது ஓர் இறந்த மனிதனின் முகம்.

உப்பிய கன்னம். நீலம் பாரித்த உதடு. நாசியில் பஞ்சு. தாடை தொங்காமலிருக்க மோவாய்க்கு அடியிலிருந்து உச்சந்தலைவரை சுற்றிக் கட்டிய வெள்ளைத் துணி. துணியின் ஒவ்வொரு இழையும் தெரிந்தது. தொட்டால் ஈரம் ஒட்டும்போல் இருந்தது. இத்தனைக்கும் நடுவில் கண்கள் மட்டும் திறந்திருந்தன. உயிரோடு, நீர் தளும்ப, நேராக என்னைப் பார்த்தன.

அந்த மனிதர் யார் என்று எனக்குத் தெரியும். என் அப்பா. எங்கள் வீட்டு முன்நடையில், கோட்டு மாட்டும் கொக்கிகளுக்குப் பக்கத்தில், கறுப்பு வெள்ளைப் படமாகத் தொங்குகிறார். ஆனால் அந்தப் படத்தில் பஞ்சு கிடையாது, துணி கிடையாது. வெள்ளைச் சட்டை போட்டு, தலை வாரி, கண் விழித்துப் பார்க்கிற ஒரு சாதாரண மனிதர்தான் அதில் இருக்கிறார். 'மாதா கோயில் திருவிழாவுல எடுத்தது' என்றுதான் பிள்ளைக்குச் சொல்லி வைத்திருந்தேன். துணி இருந்த விஷயத்தை நான் யாரிடமும் சொன்னதில்லை. என் மகளுக்கு எப்படித் தெரிந்தது?

அதைவிடப் பெரிய பயம் ஒரு நிமிடம் கழித்து வந்தது. அந்தக் கண்கள் ஷெரினுடையவை. இமையோரம் சற்றே கீழிறங்கும் அந்தச் சாய்வை அவள் பிறந்த அன்றிலிருந்து பார்த்துவருகிறேன். செத்த முகத்துக்குள் என் மகளின் கண்கள். கீழே அட்டையில் தன்னுருவம்.

ஹில்டே நாற்காலியை இழுத்துப் போட்டார். உட்கார்ந்தேன்.

அன்று மாலைதான் மாத்திரைகளைக் கைப்பையில் போட்டேன். மறுநாள் சவர பிளேடுகளைப் பூட்டிவைத்தேன். அவள் குளிக்கும்போது, துவைத்த துணிக்கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு கதவுக்கு வெளியே நின்றேன். தண்ணீர்ச் சத்தம் நின்றால் என் மூச்சும் நின்றது. கதவைத் திறந்தவள் என்னைப் பார்த்தாள், கூடையைப் பார்த்தாள், அறைக்குப் போய்விட்டாள்.

4

இனி அந்தத் துணியின் கதை.

அப்பா சங்கு குளிப்பவர். திரேஸ்புரத்திலிருந்து விடியும் முன் வள்ளத்தில் போவார்கள். வள்ளத்தில் காற்று அடிக்கிற ஒரு மிஷின் இருக்கும். அதிலிருந்து போகும் ரப்பர் குழாயை வாயில் கவ்விக்கொண்டு அடியில் இறங்கி, மண்ணில் புதைந்த சங்கை வலைப்பையில் பொறுக்குவார்கள். எனக்குப் பதினொரு வயதாயிருந்தபோது ஒரு நாள் மேலே மிஷின் நின்றது. கீழே அப்பா இருந்தார்.

வீட்டில் அவர் படம் ஒன்றுகூட இல்லை. கடைவீதிக் குடும்பங்கள் ஸ்டூடியோவுக்குப் போய் மலைத் திரைக்கு முன்னால் நின்று படம் எடுத்துக்கொள்ளும். வள்ளத்து முதலாளி வீட்டுக் கூடத்தில் சுவர் தெரியாமல் படங்கள். ஆனால் சங்கு குளிக்கிறவனின் முகம் அந்தக் காலத்தில் எந்த அலுவலகத்துக்கும் தேவைப்படவில்லை. சங்கு வாங்குகிறவருக்கும் தேவைப்படவில்லை. எல்லோருக்கும் வேண்டியிருந்தது அவருடைய மூச்சுதான். செத்த பிறகுதான் ஒரு சுவர் அவர் முகத்தைக் கேட்டது.

எங்கள் பக்கத்தில் அதற்கு ஒரு வழி இருந்தது. காட்டன் ரோட்டுக்குப் பின்னால் ஸ்டூடியோ வைத்திருந்த அண்ணாச்சி சாவு வீட்டுக்கு வந்து, முக்காலியில் ஏறி நின்று, பிணத்தை மேலிருந்து படம் எடுப்பார். பிறகு கடையில் உட்கார்ந்து அந்தப் படத்தில் துணியை அழித்து முடி வரைவார், பஞ்சை அழித்து நாசி வரைவார், சட்டை போட்டுவிடுவார். கடைசியில் கண். 'கண்ணத் திறந்து தந்திருதேன்' என்பார். ஊரில் எத்தனையோ வீட்டுச் சுவர்களில் அவர் கண் திறந்துவிட்டவர்கள் இருந்தார்கள்.

"கண்ணு யாருக்கு இவரு மாதிரி?" என்று அண்ணாச்சி கேட்டார்.

அம்மா நிமிரவே இல்லை. கையை மட்டும் நீட்டினாள். அந்த விரல் என்னைக் காட்டியது.

ஸ்டூடியோவில் என்னை ஸ்டூலில் உட்காரவைத்தார்கள். வலப்பக்கம் ஜன்னல். "இந்தப் பிள்ள கண்ணு அப்டியே அவரு கண்ணுல்லா! சிமிட்டாத தாயி. இங்கன பாரு" என்றார் அண்ணாச்சி. என் இடது வெள்ளைவிழியில் ஒரு கறுப்புப் புள்ளி உண்டு, மிளகில் பாதி அளவு. அதை அழித்துவிடட்டுமா என்று கேட்டார். "வேண்டாம் அண்ணாச்சி. படத்துல அழிச்சா பிள்ள கண்ணுக்கு எதும் ஆயிரும்" என்றாள் அம்மா. அழிக்கவில்லை. என் படத்திலிருந்து இரண்டு கண்களையும் பிளேடால் அறுத்து, அப்பா முகத்தில் ஒட்டி, ஓரத்தைத் தூரிகையால் மறைத்து, அதை மறுபடி படம் எடுத்துச் சட்டம் போட்டுத் தந்தார்.

நாற்பது வருடம் அம்மா அந்தப் படத்துக்கு முன்னால் திரி ஏற்றினாள். ஒருமுறை கேட்டேன், கண்ணை மூடியே விட்டிருக்கலாமே என்று. "மூடுன கண்ணுக்கு முன்னால எப்டிளா பிள்ளையளக் கொண்டு நிறுத்த? அவிய பாக்காண்டாமா?" என்றாள்.  எனக்கு ஒன்று மட்டும் தெரியும். அந்த அறையில் அப்பா என்னைப் பார்க்கவே இல்லை. செத்த முகத்துக்குள்ளிருந்து நான்தான் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எந்தப் பக்கம் ஒதுங்கினாலும் பார்த்தேன். அம்மா போன பிறகு அதைக் கடலில் போட்டுவிடலாம் என்று எடுத்தவள், பெட்டியில் துணிகளுக்கு நடுவே வைத்து இங்கே கொண்டுவந்துவிட்டேன்.

5

வியாழக்கிழமை அறையில் ஐந்து பேர். ஹில்டே, பள்ளி ஆலோசகர், ஷெரின், நான், மேசைமேல் ஒலிபெருக்கிப் போனில் ஒஸ்லோவிலிருந்து மொழிபெயர்ப்பாளர். யாழ்ப்பாணத்துக்காரர், வயதானவர் குரல். ஓவியத்தைச் சுவரில் சாய்த்து வைத்திருந்தார்கள். நான் நாற்காலியை நகர்த்தி அதற்குப் பக்கவாட்டில் உட்கார்ந்தேன்.

ஆலோசகர் சுற்றி வளைக்கவில்லை. முதல் கேள்வியே ஷெரினிடம்தான். மொழிபெயர்ப்பாளர் எனக்குச் சொன்னார்: "அம்மா, அவர் பிள்ளையிட்ட நேராக் கேக்கிறார், சாக வேணும் எண்டு நினைப்பு வந்திருக்கோ எண்டு."

பிள்ளையிடம் இப்படியும் கேட்பார்களா?  அந்தச் சொல்லை வாயால் சொன்னால் அது நடந்துவிடும் என்று நினைக்கிற ஊர்க்காரி நான்.

ஷெரின் தலையை ஆட்டினாள். "இல்லை." அவ்வளவுதான் சொன்னாள். நான் அதை நம்பவும் முடியாமல், விடவும் முடியாமல் பிடித்துக்கொண்டேன்.

பிறகு ஹில்டே படத்தைப் பற்றிப் பேசினார். முகத்தில் வண்ணம் மிக மெல்லியதாகப் பூசப்பட்டிருக்கிறது, அடியிலிருக்கும் பச்சை கசிந்து வெளியே தெரிகிறது, அதனால்தான் தோல் குளிர்ந்ததுபோல் தோன்றுகிறது. துணியில் வண்ணம் தடியாக இருக்கிறது. முகத்தைவிடத் துணிக்குத்தான் அதிக உயிர். "ஒன்று மட்டும் எனக்குப் புரியவில்லை" என்றார். "முகத்தில் வெளிச்சம் இடமிருந்து விழுகிறது. கண்ணில் இருக்கும் ஒளிப்பொட்டோ வலப்பக்கம். ஷெரின் இப்படித் தப்பு செய்கிறவள் இல்லை."

 சாவு வீட்டில் வாசல் இடப்பக்கம். ஸ்டூடியோவில் ஜன்னல் வலப்பக்கம்.

கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லச் சொன்னார் சேவியர். நானோ அவர்கள் கேட்காததையெல்லாம் சொன்னேன், தமிழில், மூச்சு விடாமல். நடுவில் மொழிபெயர்ப்பாளர் நிறுத்தினார்.

"அம்மா, கொஞ்சம் மெல்லச் சொல்லுங்கோ. 'கண் திறந்து தாறது' எண்டு சொல்லுறியள், அது என்னெண்டு எனக்கு விளங்கேல்ல."

விளக்கினேன்.  பிறகு அவர் ஒவ்வொரு வாக்கியமாக எடுத்துச் சொன்னார். ஆலோசகர் எழுதுவதை நிறுத்திவிட்டார்.

ஷெரின் மட்டும் ஆச்சரியப்படவில்லை.

"எனக்குத் தெரியும்" என்றாள், தமிழில். அந்த அறையில் அவள் தமிழ் பேசுவாள் என்று நான் எதிர்பார்க்கவில்லை. போன வருடம் பயிற்சிக்காகத் தாத்தா படத்தைப் பென்சிலில் வரைந்திருக்கிறாள். ஒளிப்பொட்டு பக்கம் மாறியிருக்கிறது. கருவிழி முகத்துக்கு அளவில்லாமல் பெரிதாக இருக்கிறது. குழந்தைகளுக்கு முகம்தான் சிறிது, கருவிழி கிட்டத்தட்டப் பெரியவர்கள் அளவு. சின்னப் பிள்ளையின் கண்ணைப் பெரிய முகத்துக்குத் தக்கபடி பெருக்கினால் இப்படித்தான் ஆகும். மோவாய்க்கு அடியில் நிழலே இல்லை, ஏதோ அழிக்கப்பட்டிருக்கிறது. நாசித் துளை இரண்டும் மை வைத்ததுபோல் தட்டை. எதை மறைத்திருப்பார்கள் என்று தேடிப் பார்த்து, பிணங்களுக்குத் தாடை கட்டுவதைத் தெரிந்துகொண்டிருக்கிறாள். தனியாக. கதவைச் சாத்திக்கொண்டு.

"அப்புறம் அந்தப் புள்ளி" என்றாள். "தாத்தா கண்ல இருக்கு. உன் கண்ல அதே இடம்."

"அப்பவே ஏன் சொல்லல நீ?"

"நீ ஏன் சொல்லல?"

மொழிபெயர்ப்பாளர் இரண்டையும் மொழிபெயர்த்தார். இரண்டுக்கும் ஒரே குரல்.

அப்போதுதான் திரும்பிப் படத்தை நேராகப் பார்த்தேன். இடது கண்ணின் வெள்ளையில் புள்ளி இல்லை.

"என் கண்ணை எடுத்துட்டியா?"

"ஆமா. நீ அங்க ரொம்ப நாள் இருந்துட்ட. எடுத்தா ரெண்டு ஓட்டை. வேற யார் கண்ணு எங்கிட்ட இருக்கு? கண்ணாடில பாத்து என்னோடத வச்சேன்."

"அதுக்கு ஏன் தன்னுருவம்னு போட்ட? என்னை ஏன் இப்படிப் பயமுறுத்துற?"

அவளுக்குத் தமிழ் போதவில்லை. நார்வேஜிய மொழியில் வேகமாகச் சொன்னாள். எனக்குப் புரிந்தது. ஆனாலும் மொழிபெயர்ப்பாளர் முடிக்கும்வரை காத்திருந்தேன், வேறு மாதிரி இருந்துவிடாதா என்று.

"பிள்ளை சொல்லுறா... அப்பா கப்பலுக்குப் போற நாளெல்லாம் நீங்கள் கோட்டு எடுக்கிற மாதிரி நிண்டு அந்தப் படத்தைப் பாப்பியளாம். பிறகு திரும்பித் தன்னையும் அதே மாதிரிப் பாப்பியளாம். பஸ்ஸுக்குப் போகேக்க, குளிச்சிட்டு வரேக்க, எப்பவும். அம்மா பாக்கேக்க நான் இப்பிடித்தான் தெரியிறன், அதைத்தான் கீறினனான் எண்டு சொல்லுறா."

 என் கைப்பை மடியில் இருந்தது. அதை இழுத்து அணைத்தபோது உள்ளே மாத்திரை அட்டைகள் சலசலத்தன. 

ஷெரின் பையைப் பார்த்தாள். "எல்லாத்தையும் எடுத்தியே, கத்திரிக்கோலை விட்டுட்ட" என்றாள். பாதிச் சிரிப்பு. சேவியர் மாதிரியே ஒரு கேலி. அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். அவள் இழுத்துக்கொள்ளவில்லை.

ஆலோசகர் வாரம் ஒருமுறை அவளோடு பேசுவதாகச் சொன்னார். பயத்துக்கு நடுவே வாழ்கிற பிள்ளையைத் தனியே விடக் கூடாது என்றார். மாத்திரைகள் இப்போதைக்கு என்னிடமே இருக்கட்டும், ஆனால் அதை மகளிடம் சொல்லிவிட்டுச் செய்யுங்கள் என்றார். எழுந்தபோது ஹில்டே ஒரு படிவம் கொடுத்தார். ஓவியத்தைக் கண்காட்சியில் வைக்கப் பெற்றோர் ஒப்புதல். அதில் ஒரு கட்டம்: 'ஓவியத்தில் இருப்பவர் பெயர்'. பேனாவை மூடிப் படிவத்தை மடித்து வைத்துக்கொண்டேன்.

மொழிபெயர்ப்பாளர் போனை வைக்கும் முன், "நான் சொந்தமா ஒண்டும் கதைக்கக் கூடாது அம்மா" என்றார். "செத்துப்போன எங்கட அண்ணைக்கும் ஒரு படமும் இல்லை." இணைப்பு அறுந்தது.

6

போன சனிக்கிழமை காலை ஷெரின் ஓவியத்தை வீட்டுக்குக் கொண்டுவந்தாள், சில இடங்களைத் திருத்த வேண்டுமாம். சாப்பாட்டு அறையில் நிறுத்தினாள். நான் பாத்திரம் கழுவிக்கொண்டு, திரும்பாமல் இருக்கப் பார்த்தேன். பிறகு திரும்பினேன்.

"முடிச்சு தப்பு" என்றேன்.

"என்ன?"

"துணி முடிச்சு உச்சில இல்ல. இடது காதுக்கு மேல. உங்க ஆச்சி முடிச்சுப் போட்டா, நான் துணிய இழுத்துப் பிடிச்சுக்கிட்டேன். வழுக்கிக்கிட்டே இருந்துது. ஈரத் துண்டு."

வாழ்நாளில் முதல்முறையாக இதைச் சொன்னேன். அவள் என் முகத்தையே பார்த்தாள். பிறகு ஓவியப் புத்தகத்தை எடுத்து, ஸ்டூலை ஜன்னலோரம் இழுத்துப் போட்டு அதில் உட்கார்ந்தாள். அடுப்படித் துண்டை என்னிடம் நீட்டினாள்.

"கட்டிக் காட்டு."

கை நீளவில்லை. உயிருள்ள பிள்ளைக்கு அந்தக் கட்டை என்னால் கட்ட முடியாது. வரைவதற்காக, விளையாட்டாக, ஒரு நிமிடத்துக்கு என்றாலும் முடியாது.

"எந்திரி" என்றேன். "நான் இருக்கேன்."

நானே ஸ்டூலில் உட்கார்ந்து, துண்டை மோவாய்க்கு அடியில் கொடுத்து, இடது காதுக்கு மேல் இறுக்கிக் கட்டிக்கொண்டேன். தாடை பூட்டிக்கொண்டது. ஜன்னல் வலப்பக்கம். பதினொரு வயதில் உட்கார்ந்த அதே மாதிரி, முதுகு நிமிர்ந்து, இமைக்காமல், எதிரே பார்த்து உட்கார்ந்திருந்தேன். கண் எரிந்தது.

"கண்ணை மூடிக்கோம்மா" என்றாள் ஷெரின். "எனக்கு முடிச்சு போதும்."

மூடினேன். இருட்டில் ஒன்றுமே தெரியவில்லை, அவள் எங்கே நிற்கிறாள் என்றுகூடத் தெரியவில்லை. காதை மட்டும் தீட்டிக்கொண்டேன். தாளில் பென்சில் உரசுகிற சத்தம் கேட்டது. நின்றது. என் நெஞ்சும் நின்றது. மறுபடி உரசியது.